ஏழாம் நம்பர் தோல்

வேலூர் வட்டாரத்தில் எந்தத் தொழிற்சாலையில் தீ பிடித்தாலும், வெள்ளம் புகுந்தாலும், சேதத்தைப் பார்த்துச் சொல்ல இன்சூரன்ஸ்காரர்கள் அம்பரீனைத்தான் அனுப்புவார்கள். எதையும் இரண்டு முறை பார்க்காமல் அவர் வாய் திறக்கமாட்டார். அவருடைய போட்டோகிராபர் சூரியபிரகாஷ் நேர் எதிர். ஐம்பது வயதாகியும், பார்ப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அன்று காலை ஒன்பது மணிக்கு அவர்கள் அலுவலகத்துக்கு வந்த எழிலரசி உட்காரக்கூட இல்லை. ஊர்ச் சுவர்களில் ஓவியங்களை வைக்கும் குழுவின் அமைப்பாளர் அவர்.

"மேடம், ஆம்பூர் ஸ்டேஷன் சுவர்ல பன்னிரண்டு தோல் ஓவியம் மாட்டியிருந்தோம். ஷூ கம்பெனியில வேலை செய்யற பன்னிரண்டு பெண்களோட முகம். ஏழாம் நம்பரைக் காணோம். சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திறப்பு விழா."

"யார் மேல சந்தேகம்?"

"அந்தப் படத்துல இருக்கற கெங்கம்மாள் மேலதான். தோல் தரம் பிரிக்கிற செக்‌ஷன்ல இருக்காங்க. நேத்து சாயங்காலம் அஞ்சரைக்கு வந்து, 'இத எறக்குங்க, இல்லன்னா நானே எறக்கிடுவேன்'னு சத்தம் போட்டாங்க. இன்னைக்குக் கேட்டா வாயே திறக்கலை. தோலைக் குடுத்த முதலாளி நசீர் அகமது ரெண்டு மணிக்கு அவங்களை வேலையை விட்டு நிறுத்தப் போறாராம். என்னால ஒருத்தங்க பொழப்பு போகக்கூடாது மேடம்."

"முகத்தை வரையறதுக்கு முன்னாடி அவங்களைக் கேட்டீங்களா?"

எழிலரசி தலையைக் குனிந்துகொண்டார். "போட்டோ பார்த்து ஹேமந்த் வரைஞ்சார். சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சோம்."

பதினொரு மணிக்கு அவர்கள் ஸ்டேஷன் சுவர் முன்னால் நின்றார்கள். பதினொரு தோல்களும் கறுப்பு. ஏழாம் சட்டகம் மட்டும் காலி.

"இங்க இருந்ததும் கறுப்பா?" என்று அம்பரீன் கேட்டார்.

ஓவியர் ஹேமந்த், "இல்ல மேடம், மரப்பட்டையில பதம் பண்ணின பழுப்புத் தோல். அவங்க நிறத்துக்கு அதுதான் பொருந்திச்சு" என்றார்.

சட்டகத்தின் கீழே ஒரு பேப்பர் கப். அதில் பதினாறு ஆணிகள். ஒன்றுகூட வளையவில்லை.

பக்கத்துத் தோலின் ஓரத்தைத் தூக்கி அம்பரீன் சுவரைப் பார்த்தார். ஹேமந்த் சாக்பீஸால் எழுதிய 6 அப்படியே இருந்தது. ஏழாம் இடத்தில் எண் கரைந்து, வெள்ளைக் கோடாக வழிந்திருந்தது.

"நேத்து மழை எத்தனை மணிக்கு?"

"ஆறு மணிக்கு. நாங்க எல்லாரும் லாட்ஜுக்கு ஓடிட்டோம்" என்றார் ஹேமந்த்.

"ஹேமந்த்தான் மேடம்" என்று சூரியபிரகாஷ் காதில் கிசுகிசுத்தார். "விளம்பரத்துக்காக."

"கம்பெனிக்குப் போலாம்" என்றார் அம்பரீன்.

கம்பெனி வாசலில் ஒரு போர்டு இருந்தது. சூரியபிரகாஷ் சத்தமாகப் படித்தார்: "வெளியிலிருந்து தோலை உள்ளே கொண்டுவந்தால் உடனடி வேலைநீக்கம்." உலர்த்தும் கொட்டகை நல்ல வெயில் நேரத்தில் பூட்டிக் கிடந்தது. அதன் பொறுப்பாளர் சர்தார் பாஷா சாவியோடு வாசலிலேயே நின்றிருந்தார். அம்பரீன் சலாம் சொன்னார். பதில் சலாம் வந்தது, ஆனால் அவர் கதவை விட்டு நகரவில்லை.

முதலாளி அறையில் எல்லோரும் கூடினார்கள். கெங்கம்மாள் ஒரு ஓரமாக, கை கட்டி நின்றார். சர்தார் பாஷாவையும் அம்பரீன் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"சாயப், ஒரு சந்தேகம். பட்டைத் தோல் ஒண்ணு வெளியில தொங்குது. மழை வருது. நீங்க என்ன பண்ணுவீங்க?"

நசீர் அகமதுவுக்கு எரிச்சல். "இன்னாம்மா கேள்வி இது? ஓடிப்போய் எறக்குவேன். நனைஞ்சா கறை புடிச்சு வெறகு மாதிரி ஆயிடும். நெழல்ல போட்டு மெதுவா காய வெக்கணும். இங்க பொறந்த யாரா இருந்தாலும் அதத்தான் செய்வாங்க."

"அது உங்க தோல் இல்லைன்னா?"

"யார் தோலா இருந்தா இன்னா? தோல் தோல்தானே?"

"அதைத்தான் செஞ்சிருக்காங்க" என்றார் அம்பரீன். "சுவர்ல நம்பர் கரைஞ்சிருக்கு. அப்போ மழை ஆரம்பிச்சப்பவே தோலை எடுத்தாச்சு. கோபத்துல வந்தவங்க மழைக்காகக் காத்திருக்க மாட்டாங்க, கிழிச்சிருப்பாங்க. அங்க பதினாறு ஆணியும் வளையாம கப்புக்குள்ள இருக்கு, திரும்ப மாட்டணுமேன்னு. கறுப்புத் தோல் ரசாயனத்துல பதம் பண்ணினது, மழையால பெரிசா ஒண்ணும் ஆகாது, அதனால பதினொண்ணையும் தொடலை. எடுத்தவங்களுக்குத் தோல் தெரியும். நிழல்ல காய வைக்க இடம் வேணும். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து தோல் போனா, கதவைத் திறந்தவருக்கும் வேலை போயிடும். அதனாலதான் கெங்கம்மா வாயைத் திறக்கலை. கொட்டகையைத் திறந்து பார்க்கலாமா சாயப்?"

சர்தார் பாஷா சாவியை மேசைமேல் வைத்தார். "நான்தான் சாப் குறடு எடுத்துட்டுப் போய் ஆணியப் புடுங்கினேன். மன்னிச்சிடுங்க."

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் கெங்கம்மாள். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது. "நான்தான் கூப்ட்டேன். காலைல மாட்டிடலாம்னு பார்த்தோம். காயல."

எழிலரசிக்கு நம்ப முடியவில்லை. "அப்போ நேத்து உங்க முகத்தை வரைஞ்சதுக்காகக் கத்தலையா?"

"கேக்காம வரைஞ்சது தப்புதான், அது வேற. வானம் இருட்டிட்டு வந்திச்சு, அதான் கத்தினேன். நீங்க யாரும் மேல பாக்கவே இல்லயேம்மா. என் மூஞ்சி நனைஞ்சா தொடச்சிக்குவேன். தோல் நனைஞ்சா போச்சு."

சூரியபிரகாஷ் கேமராவைத் துடைக்கும் சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

நசீர் அகமது சாவியைக் கையில் எடுத்தார். தன் வாயால் சொன்னதை இனி எப்படி மாற்றுவது? மேசையில் இருந்த வேலைநீக்கக் கடிதத்தைக் கிழித்துவிட்டு, சாவியைப் பாஷாவிடம் நீட்டினார். "ஓரம் சுருங்காம பாத்துக்கோ பாய்."

ஐந்து மணி விழாவுக்குத் தோல் வரவில்லை. முழுசாகக் காயாமல் தரமுடியாது என்று கெங்கம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பதினொரு முகங்களையும் ஒரு காலிச் சட்டகத்தையும் ஊர் பார்த்தது. எழிலரசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கெங்கம்மாளிடம் வந்தார்.

"அக்கா, இப்போ கேக்கறேன். உங்க முகத்தை இங்க மாட்டலாமா?"

கெங்கம்மாள் சட்டகத்தைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"மொதல்ல மேல ஒரு தகரம் போடு. அப்புறம் வந்து கேளு."