குப்பத்துக்கு அருகில் ஓர் அறை

விளக்கு வைக்கிற நேரத்தில் சசிரேகாவின் போன் தானாக வெளிச்சம் போட்டது. 'உங்கள் அறை தயார்' என்று ஒரு வரி.

அவள் எந்த அறையும் கேட்கவில்லை. தேடியதென்னவோ உண்மை. அது போன மாதம், மாமியார் ஆதிலட்சுமியின் அஸ்தியைக் கரைக்கப் போன அன்று. பாலாறு மணலும் முள்ளுமாகக் கிடந்ததால், உத்திரமேரூரிலிருந்து கார் வைத்துக்கொண்டு கடலோரத்தில் ஒரு மீனவக் குப்பத்துக்குப் போனார்கள். தினகரன் அம்மாவின் கலயத்தை அலையில் விட்டுக் கரையேறியதும், சசிரேகா கடலைப் பார்த்து, "போயிட்டு வரேன் அத்தே" என்று சொல்லிவிட்டாள்.

"இன்னா பேச்சு பேசற நீ?" தினகரனுக்கு முகமே மாறிப்போயிற்று. "சாவு வூட்லயே அப்பிடிச் சொல்லிக்காம கெளம்பணும். அஸ்தி கரைச்ச எடத்துல நின்னுக்கினு வரேன்றியே!"

"வாய்ப் பழக்கங்க. வந்துடுச்சு."

பழக்கம்தான். கிழவி படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் உள்ளறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அடுப்படியிலிருந்து இவள், "தோ வரேன் அத்தே" என்பாள்.

சொல்லி வாய் மூடவில்லை, ஓர் அலை வந்து இடுப்புவரை நனைத்தது. புடவை மாற்ற அருகில் ஓட்டல் உண்டா என்று போனில் தேடினாள். ஒன்றுகூட இல்லை. ஈரத்தோடு வீடு வந்து சேர்ந்தாள்.

இப்போது அந்த வரிக்குக் கீழே ஒரு படம். நீலக் கதவு, இரும்புக் கட்டில், ஒற்றை பல்பு.

ரைஸ் மில்லில் இருந்த தினகரனுக்குப் போன் போட்டாள்.

"விளம்பரம்டி. அழிச்சுடு. லோடு ஏறிக்கினு கீது, முடிச்சுட்டு வரேன்."

அழித்தாள். திரும்பவும் வந்தது. கட்டில்மேல் இப்போது பச்சைக் கட்டம் போட்ட போர்வை. அதே போர்வையின்மேல்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

சாம்பிராணிப் புகைக்கு அடியிலிருந்து நனைந்த கயிறும் கருவாடும் கலந்த வாடை மெல்ல எழுந்து வர, தெருவில் பஸ் ஹாரனும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் யாரோ கதவைச் சாத்தியதுபோல ஒரே சமயத்தில் அடங்கிப்போக, அந்த அமைதிக்குள் ஏதோ ஒன்று இரைந்து வந்து இரைந்து பின்வாங்கியது.

மூன்றாவது படம். கட்டிலை ஒட்டி ஒரு தூளி. மாமியாரின் பழைய புடவையில் கட்டியது. அதற்குள் தூங்கும் கைக்குழந்தையின் குதிகால் வெளியே தெரிந்தது.

பிரபா. அவள் குழந்தை.

படத்தின் கீழிருந்த எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"எத்தினி வாட்டிடி கூப்புடறது?" படுக்கையில் கிடந்து கிடந்து நைந்துபோன அதே குரல். "வரேன்னியே, வந்தியா? என்னிக்குத்தான் சொன்னதும் வந்த நீ? பாத்தேன். ரூமையே இஸ்துக்கினு வந்துட்டேன்."

போன் கீழே விழுந்தது. தன் கட்டிலோரம் தொங்கிய தூளியிலிருந்து குழந்தையை வாரி எடுத்தாள். ஓடினாள். கூடம். வாசல் கதவு. தாழ்ப்பாள் பிசுபிசுத்தது. இழுத்தாள்.

தெரு இல்லை.

இரும்புக் கட்டில். ஒற்றை பல்பு. காலித் தூளி, இப்போதுதான் யாரோ குழந்தையை எடுத்ததுபோல ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பினாள். கூடம் இல்லை. நீலக் கதவு. சாத்தியிருந்தது. கைப்பிடி இல்லை.

ஜன்னலுக்கு வெளியே கடல்.

பிரபா விழித்துக்கொண்டு கட்டிலைப் பார்த்துச் சிரித்தாள்.

பச்சைப் போர்வையில் ஒரு பாதி சொட்டச் சொட்ட நனைந்து, ஆள் படுத்த அளவுக்குப் பள்ளமாகியிருந்தது. மறு பாதி காய்ந்து, சுருக்கம் இல்லாமல் கிடந்தது. சசிரேகா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈரப் பள்ளம் சுவரை ஒட்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டது.