துருவைக் கொன்றது யார்?

போன் அலறியது.

எஸ்.ஐ. செல்வநாயகி பீங்கான் கப்பில் மிச்சமிருந்த டீயை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு எடுத்தாள்.

"மேடம்... கொலை... கம்பு ஆராய்ச்சி வயலுக்கு உடனே வாங்க..."

ஜீப் பறந்தது. அது போன வேகத்தில் மணிமுத்தாற்றில் இல்லாத தண்ணீர்கூட அலையடித்தது!

வயலில் ஆராய்ச்சியாளர் விருத்தகிரி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய மாமனார் பழமலை, கருவேப்பிலங்குறிச்சி விவசாயி, துண்டால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

சுற்றிலும் கம்பு பச்சைப்பசேல்.

"பொணம் எங்க சார்?"

"உங்களச் சுத்தித்தான் மேடம்..."

செல்வநாயகி ஒரே தாவலில் வரப்பேறினாள்.

"துரு நோய் மேடம். இலையெல்லாம் செம்புள்ளியா வர்ற பூசணம். நாங்களே பரப்பிவிட்டோம்... பிடிக்கவே இல்ல. இன்னிக்குத்தான் காரணம் தெரிஞ்சுது. லீவு நாள்ல எவனோ மருந்தடிச்சுக் கொன்னுருக்கான்."

"நோயி செத்தா நல்லதுதானே சார்? மாலை போட வேண்டிய ஆளப் புடிக்கச் சொல்றீங்க."

"நோயை ஏவிவிட்டாத்தானே எந்த ரகம் தாங்குது, எது சாயுதுன்னு தெரியும்? நாளைக்குக் குழு வருது. நான் உருவாக்கின புது ரகம் தாங்குதுன்னு காட்டினாத்தான் விவசாயிங்களுக்குக் கொடுப்பாங்க. இப்ப நோஞ்சான் ரகம்கூட கல்யாண மாப்பிள்ளையாட்டம் நிக்குது."

அவள் ஓர் இலையைத் தடவினாள். விரலில் மருந்தின் மஞ்சள் பொடி.

அதே பொடி... பழமலையின் வேட்டியில்!

"பெரியவரே... வேட்டி ஏதோ சொல்லுதே?"

"நாந்தாம்மா அடிச்சேன்." பழமலை அசரவில்லை. "எம் மாப்ள கம்பு டாக்டருன்னு சேத்தியாத்தோப்பு வரைக்கும் சொல்லி வெச்சிருக்கேன். அவரு வயலுலயே துருன்னா எனக்கு என்ன மருவாதி? அதான் ஞாயித்துக்கெழமையில வந்து வந்து அடிச்சேன்."

"மாமா... நீங்களா?" விருத்தகிரி துள்ளி எழுந்தார். "போச்சு. எம் புது ரகம் தாங்குமா தாங்காதான்னு இனி எங்க போயி பாக்கறது?"

பழமலை தொண்டையைச் செருமினார்.

"நம்ம வயலுக்கு வாங்க மாப்ள."

"அங்க என்ன?"

"நீங்க ஆசையா கொடுத்த விதைதான் போட்டிருக்கேன்... உங்க புது ரகம். இருந்த மருந்தெல்லாம் இங்க அடிச்சுத் தீந்துபோச்சு. அங்க ஒரு சொட்டு அடிக்கல. இலை பூரா துரு, செங்கப்பொடி தூவுனாப்புல நிக்குது. சங்கடப்படுவீங்கன்னுதான் சொல்லல."

குழுவுக்குக் காட்டவேண்டிய முடிவு விருத்தகிரிக்குக் கிடைத்துவிட்டது. அவருக்குப் பிடிக்காத முடிவு!

செல்வநாயகி தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"கேஸை மூடிடறேன் சார். செத்துட்டாருன்னு நீங்க சொன்ன ஆளு, உங்க மாமனார் வூட்டுல சௌக்கியமா இருக்காரு."