தொடாத வளையம்

கல்வராயன் மலையில் அந்தச் சிற்றூருக்கு இருந்தது ஒரே ஒரு தொலைக்காட்சி. ஊராட்சி அறையில் இருந்த அப்பெட்டியில் அன்று காலை படம் தெரியவில்லை. ஆறாம் வகுப்பு மாணவன் காசிநாதன் முந்திக்கொண்டு பேசினான்.

“அம்சவள்ளிதான் மாடியில சாமை காயப் போட்டா. ஆன்டெனாவ ஆட்டிட்டிருப்பா.”

“நான் தொடவே இல்லடா,” என்றாள் அவன் வகுப்புத் தோழி அம்சவள்ளி.

“தொடாம எப்பிடிக் கெடும்?”

அறையைப் பார்த்துக்கொள்ளும் பச்சமுத்து அதை நம்பிவிட்டார். “நீ இனிமே உள்ள வராத,” என்றார்.

அன்று மாலைதான் அவளுடைய அக்கா அமிர்தம் தொலைக்காட்சியில் பதிகம் பாட இருந்தாள். அம்சவள்ளி வெளியேறினாள்.

நண்பகலில் காசிநாதன் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்பினான். “கீழ யாருனா இருக்கீங்களா? படம் வந்துச்சா?”

“வரல,” என்றது ஒரு குரல். வெளியே நின்று, சன்னல் கம்பி வழியே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அம்சவள்ளி.

யார் குரல் என்று தெரிந்ததும் அவன் ஆன்டெனாவிலிருந்து கையை எடுத்தான். மெல்லப் பின்னால் நகர்ந்தான்.

“இப்பக் கொஞ்சம் தெரியுது. இன்னா பண்ணிக்கினு இருக்க?”

“ஒண்ணும் பண்ணல. தள்ளி நின்னேன்.”

அவன் ஆன்டெனாவைத் தொடவில்லை. விலகியதற்கே படம் மாறியது. அப்போதுதான் ஆன்டெனாவின் அருகே சாய்ந்திருந்த பழைய சைக்கிள் வளையம் கண்ணில் பட்டது. இரும்பு கூடினால் அலையும் கூடும் என்று கணக்குப் போட்டு, முந்திய மாலை அவனே வைத்தது. அவன் முகம் எரிந்தது.

வளையத்தை ஒரு சாண் நகர்த்தினான்.

“வந்துச்சு.”

இன்னொரு சாண்.

“போச்சு.”

தள்ளத் தள்ளக் கெடுதல் சீராகக் குறையும் என்று எண்ணியிருந்தான். ஆன்டெனாவை ஒட்டிய வெளியில் அந்தக் கணக்குச் செல்லவில்லை. அங்கே சாய்ந்த இரும்பும், நின்ற உடலும் ஆன்டெனாவோடு சேர்ந்துகொண்டு அலையை மாற்றின. வளையத்தை மாடியின் கடைக்கோடிக்கே கொண்டுபோனான்.

“பளிச்சுனு இருக்கு. எறங்கி வா.”

அவன் உடனே இறங்கவில்லை. வளையத்தைப் புதரில் எறிந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கீழே நிற்பவளின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

மாலையில் ஊர் கூடியது. காசிநாதன் வளையத்தோடு முன்னே வந்தான்.

“மாமா, அம்சவள்ளி தொடல. இதுதான் கெடுத்துச்சு. வெச்சது நான்.”

“எஞ்சினியரு வந்துட்டாருப்பா,” என்றார் ஒருவர். அறை சிரித்தது. பச்சமுத்து சிரிக்கவில்லை.

“அம்சவள்ளி, உள்ள வாம்மா. நானும் விசாரிக்காம சொல்லிட்டேன்.”

அவள் உள்ளே வந்தாள். காசிநாதன் தலைகுனிந்து வெளியேறி, அவள் நின்ற சன்னலோரத்தில் போய் நின்றான்.

அமிர்தத்தின் குரல் எழுந்தது. அம்சவள்ளி திரும்பிப் பார்த்தாள்.

“டேய், கம்பிகிட்ட நிக்காத. படம் ஆடப் போவுது. உள்ள வந்து குந்து.”

சொல்லிவிட்டு, பாயில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.