வேகத்தைக் கூட்டியது யார்?

கடுகுக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. உட்காராமல் என்ன செய்யும்? கம்ப்யூட்டரின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "கடுகு தொடக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான் அண்ணன்.

நாளைக்குப் பள்ளியில் எல்லோரும் தாங்கள் கம்ப்யூட்டரில் செய்த கார்ட்டூன் படத்தைக் காட்ட வேண்டும். கடுகின் படத்தில் ஆமை இன்னும் நடு ஆற்றிலேயே நிற்கிறது.

சில நாட்களாகக் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று நின்றுபோகிறது. "இவ கண்டதையும் வரையறா, அதான்" என்று அண்ணன் சொன்னான். அப்பாவும் தலையாட்டிவிட்டார். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

கடுகு நேராக அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"முன்னாடி நல்லாத்தானே ஓடிச்சு? நீ என்ன பண்ணின?"

"புது மெமரி போட்டேன். கேம் நல்லா ஓடட்டும்னு அதோட வேகத்தைக் கூட்டி வச்சேன்."

"அப்ப அதுதான் காரணம்."

"போடி. இது நல்ல மெமரி. என் ஃபிரெண்டு கம்ப்யூட்டர்ல இதே வேகத்துல ஓட்டிப் பாத்தாச்சு. ஒரு தடவைகூட நிக்கல."

"சரி, நீயே விளையாடு. நான் அம்மாகூட அடுப்படியில இருக்கேன். கிட்டவே வரமாட்டேன்."

அடுப்படியில் அவளும் வெங்காயம் உரித்தாள். இருந்த கோபத்தில் கண்ணீர்கூட வரவில்லை. கூடத்தில் கார் பந்தயச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சட்டென்று நின்றது.

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றான். "நின்னுபோச்சு."

"இப்ப நானா வரைஞ்சேன்?"

கடுகு அதோடு விடவில்லை.

"மெமரியில இருக்கறதை எடுக்கறது, வைக்கறது எல்லாம் ப்ராசஸர்தான்னு நீதானே சொன்ன? உன் ஃபிரெண்டோட ப்ராசஸரும் நம்மளதும் ஒண்ணா?"

"அவனோடது புதுசு. நம்மளது பழசு."

"நீ வேகமா பந்து எறிஞ்சா உன் ஃபிரெண்டு பிடிச்சிடுவான். எனக்குக் கை நழுவும். அது பந்து மேல தப்பா?"

"உன் மேல தப்பு."

"இல்ல. என்னால முடியாதுன்னு தெரிஞ்சும் எறிஞ்சவன் மேல தப்பு."

அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா?" என்றாள்.

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே போய், மெமரியின் வேகத்தைப் பழையபடி குறைத்து வைத்தான். "இரு, ஓட்டிப் பாத்துட்டுத் தரேன்."

"வேண்டாம். நான் வரைஞ்சே பாத்துக்கறேன்."

சாப்பிடக் கூப்பிடும்வரை வரைந்தாள். கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆமை கரையேறிவிட்டது. அப்பா பின்னால் வந்து நின்று படத்தைப் பார்த்தார்.

"உன்னைக் கேக்காமத் தலையாட்டினது தப்புதான்மா" என்றார்.

அண்ணன் சத்தமில்லாமல் அந்தத் தாளைக் கிழிக்கப் போனான்.

"கிழிக்காதே, கொடு" என்று கடுகு வாங்கிக்கொண்டாள். தன் பெயரை அடித்துவிட்டு மேலே ஏதோ எழுதினாள். திரும்ப அதே இடத்தில் ஒட்டினாள்.

"அண்ணன் வேகத்தைத் தொடக் கூடாது."

அதற்குப் பிறகுதான் அவள் மூக்கிலிருந்து கோபம் இறங்கியது.