ஷாலு வீட்டுத் தாழ்ப்பாள்

கரண்ட் போன பிறகும் ஷாலு வீட்டு டிவியில் ஆட்கள் தெரிந்தார்கள்.

எழில்மொழி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்த நேரம். வராந்தாவிலிருந்து வந்த மங்கல் வெளிச்சத்தில், அணைந்த திரை கறுப்பாக மின்னியது. பாயில் உட்கார்ந்திருந்த எல்லாரும் அதில் சின்னச் சின்னதாகத் தெரிந்தார்கள். ஹார்பரில் வேலை பார்க்கும் பீம்ராவ், அவன் மனைவி ரமாபாய், எதிர்வீட்டுச் சொக்கம்மாள், நடுவில் மகாராணி கணக்காக ஷாலு. ஷாலுவுக்கு இடப்பக்கம் இன்னொருத்தி இருந்தாள். ஈரத் தலையை ஷாலுவின் தோளில் சாய்த்துக்கொண்டு, அவளும் படம் பார்க்க வந்தவள்போல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

எழில்மொழி திரும்பிப் பார்த்தாள். ஷாலுவுக்கு இடப்பக்கம் வெறும் பாய்தான் கிடந்தது. மறுபடி திரையைப் பார்த்தாள். அவள் அங்கேயே இருந்தாள்.

பயத்துக்கு முன்னால் வயிற்றெரிச்சல்தான் வந்தது. இது கூடவா அவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்?

எரியாமல் என்ன செய்யும்? ‘பாதாளக் காவல்’ என்ற இந்தப் பேய்த்தொடரை, புளியந்தோப்பு ஹவுசிங் போர்டின் இந்த மூன்றாவது மாடியில் முதல் வாரத்திலிருந்து பார்த்தவள் எழில்மொழி. புரியாதவர்களுக்குக் கதை சொன்னவள் அவள். ரசிகர் வாட்ஸப் குரூப் ஆரம்பித்தவளும் அவள்தான். அப்போதெல்லாம் அவள் வீட்டுப் பழைய டிவி முன்னால்தான் கூட்டம் கூடும். பிறகு ஷாலு கல்யாணமாகி வந்து சேர்ந்தாள். அவள் புருஷன் பாதிச் சுவரை அடைக்கிற டிவி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டுக் கத்தாருக்குத் திரும்பிப் போனான். அன்றோடு கூட்டம் வீடு மாறியது. குரூப்புக்கே இப்போது ‘ஷாலு குரூப்’ என்றுதான் பேர்.

இன்றைக்கும் அதே கதைதான். தொடரில் பாழுங்கிணற்றுக்கு அடியில், தண்ணீருக்குள் கிடக்கும் பேயைச் சங்கிலியால் இழுத்துப் பிடித்தபடி காவலன் தனியாக நிற்கிறான். நெருப்பு கொண்டுவருகிறோம் என்று மேலே ஏறிப் போன தோழர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த இடத்தில்தான் கரண்ட் போனது.

“அவனுங்க வரமாட்டானுங்கன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் புடிச்சிகினு நிக்கிறான் பாரு, அவந்தான் ஹீரோ,” என்று எழில்மொழி ஆரம்பித்தாள்.

பீம்ராவ் ஷாலுவின் பக்கம் திரும்பினான்.

“அப்டி இல்ல எயிலுக்கா,” என்றாள் ஷாலு. “வருவாங்கன்னு நம்பிகினு கீறான். அதான் கையில பலம் கீது. நம்பிக்க போச்சுன்னு வையி, கை தானா வுட்டுடும். ஹீரோவும் மனுசந்தானே?”

“சோக்கா சொன்ன ஷாலு!” பீம்ராவ் தொடையில் தட்டினான். ரமாபாய் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். எழில்மொழிக்குக் காதில் புகை வராத குறைதான்.

பேச்சுக்கு நடுவே ஒரு வாடை வந்தது. கால்வாய் வாடையும் கறிக்கொட்டகை வாடையும் அவளுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். இது வேறு. நெடுநாள் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருமே, அந்தக் குளிர்ந்த பாசி வாடை, ஷாலுவின் பக்கமிருந்து மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. ஷாலு மட்டும் இடது தோளை அடிக்கடி உருட்டிக்கொண்டாள்.

அப்போது கீழே தண்ணி லாரி ஹாரன் அடித்தது.

அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. லாரி வந்தால் எல்லாரும் கதவைத் திறந்தபடி போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடுவார்கள். கடைசியாக இறங்குகிறவர், பூனை நாய் நுழையாமல், எல்லா வீட்டுக் கதவுக்கும் வெளித்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு வரவேண்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. கை பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போகும்.

எல்லாரும் ஓடினார்கள். எழில்மொழி கடைசியாக எழுந்தாள்.

“எயிலுக்கா, எனுக்குத் தோளு பேஜாரா வலிக்குது. ஏந்திரிக்கவே முடியல. என் குடத்தையும் கொஞ்சம் புட்ச்சினு வந்துடேன்,” என்றாள் ஷாலு. குரலில் வழக்கமான செல்லம்.

எழில்மொழி அவள் குடத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பினாள். இருட்டிய அறையில் ஷாலு உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில், இப்போது திரையில்லாமலே, கண்ணுக்கு நேராகவே, அந்தத் தலை தெரிந்தது. முடியிலிருந்து தண்ணீர் பாயில் சொட்டும் சத்தமும் கேட்டது.

ஓடி வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். பழக்கத்தில் போட்டுவிட்டதாக அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தாழ்ப்பாள் சத்தம் வராதபடி அதை மெதுவாகத் தள்ளியது அவள் கைக்குத் தெரியும்.

கீழே ஒரே தள்ளுமுள்ளு. பிளாஸ்டிக் குடங்கள் இடிபட, லாரிக் குழாயிலிருந்து தண்ணீர் தெறிக்க, மாடிமாடியாக இறங்கி வந்த பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, அந்தச் சந்தடியிலும் ரமாபாய் பக்கத்துப் பிளாக்குக்காரியிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நம்பிக்க போனா கை தானா வுட்டுடும்னு ஷாலு சொல்லிச்சு பாரு. எனுக்கு அழுவையே வந்துருச்சு.”

மேலேயிருந்து ‘தொம்’ என்று ஒரு சத்தம் கேட்டது. யாரும் நிமிரவில்லை. எழில்மொழி மட்டும் நிமிர்ந்தாள். பிறகு தன் குடத்தை வரிசையிலேயே விட்டுவிட்டு, ஷாலுவின் நிரம்பாத குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள். வயிற்றெரிச்சல் எவ்வளவு இருந்தாலும் ஒருத்தியைச் சாகவிடும் அளவுக்கு அவள் மோசமில்லை. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது மாடியில் ஒரு சத்தமும் இல்லை. தாழ்ப்பாளை எடுத்தாள். கதவு கொஞ்சம் உள்ளே போனது. உடனே உள்ளேயிருந்து யாரோ மோதி அதைச் சாத்தினார்கள்.

“தொறக்காத எயிலுக்கா!” ஷாலுவின் குரல் மூச்சிரைத்தது. “எம்மேல ஒண்ணு கீது. வுடமாட்டேங்குது. நான் வெளிய வந்தா அதுவும் வந்துரும். கொழந்தைங்க கீற மாடி இது. தாப்பா போடு.”

எழில்மொழி போட்டாள்.

“கீழ போயி பீம்ராவ் அண்ணன இட்டுகினு வா. எல்லாரையும் கொள்ளிக்கட்டையோ டார்ச்சோ எடுத்துகினு வரச்சொல்லு. வெளிச்சம் பட்டா பயப்படுது. அதுவரிக்கும் நான் புடிச்சிக்கிறேன்.” கதவில் அவள் முதுகு அழுந்தும் சத்தம் கேட்டது. “நீ வருவன்னு தெரியும்க்கா.”

எழில்மொழி இரண்டு படி இறங்கினாள். நின்றாள்.

காப்பாற்றிவிடுவார்கள். காப்பாற்றிய பிறகு? பிளாக் முழுக்க இதே பேச்சாக இருக்கும். தனியாகப் பேயைப் பிடித்து நிறுத்தினாள் ஷாலு. பிள்ளைகளுக்காக நின்றாள் ஷாலு. குரூப்பில் அவள் படம், பீம்ராவ் தொடையில் தட்டுவது, ரமாபாயின் கண்ணீர். தாழ்ப்பாளைப் போட்டது யார் என்றும் கேட்பார்கள். இந்த வீரத்தையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

படியில் காலடிகள் கேட்டன. நிறைகுடங்களோடு எல்லாரும் ஏறி வந்தார்கள்.

“இன்னாமே எயிலு, இங்கியே நின்னுகினு கீற? ஷாலு எங்க?” என்று பீம்ராவ் கேட்டான்.

“ஷாலுவா?” எழில்மொழியின் குரல் அவளே எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்தது. “அவ அப்பவே வியாசர்பாடிக்குக் கெளம்பிட்டாளே. அக்கா வூட்டுக்கு. உள்ள யாரும் இல்ல.”

கதவுக்குப் பின்னால் மூச்சிரைப்பு நின்றது.

ஷாலுவின் காதில் விழுந்துவிட்டது. எழில்மொழிக்கு அது நன்றாகத் தெரிந்தது. மரத்தில் நகம் உராயும் சத்தம் மேலிருந்து கீழாக, மெல்ல, மிக மெல்ல இறங்கியது. பிறகு அதுவும் இல்லை. பாசி வாடை மட்டும் கதவிடுக்கில் கசிந்தது.

கரண்ட் வந்தது. வராந்தா விளக்குகள் எரிந்தன. பிள்ளைகள் கத்தினார்கள். உள்ளே டிவி தானாகப் பேச ஆரம்பித்தது.

“ஐய, யாருனா தாப்பா எடுங்களேன்.” ஷாலுவின் குரல். இரைப்பில்லை. வலியில்லை. தேன் மாதிரி இருந்தது.

“ஏய் எயிலு! உள்ள வச்சே பூட்டிட்டியா?” ரமாபாய் சிரித்தபடி குடத்தை இறக்கினாள்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்பார்கள். உள்ளே யாரும் இல்லை என்றாயே என்பார்கள். எழில்மொழி சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள்.

ரமாபாய் தாழ்ப்பாளை எடுத்தாள்.

கதவு பாதி திறந்தது. ஷாலு வெளியே வந்தாள். சிரித்த முகம். சொட்டச் சொட்ட நனைந்த தலை.

“குளிச்சியாடி?” என்றாள் சொக்கம்மாள்.

ஷாலு நேராக எழில்மொழியிடம் வந்தாள். இடுப்பிலிருந்த குடத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கைகள் ஐஸாக இருந்தன.

“எயிலுக்கா, வா. பாதிப் படம் கீது.”

எழில்மொழி அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு நடுங்கியது. உள்ளேயிருந்து, அதன் விளிம்பை வளைத்துப் பிடித்தபடி, விரல்கள். நகம் பிய்ந்த விரல்கள். ஒன்றில் ஷாலுவின் கல்யாண மோதிரம். வெளுத்துப்போய், பலமெல்லாம் கூட்டி, அவை இன்னும் அந்தக் கதவை மூடப் பார்த்துக்கொண்டிருந்தன.