லாபு தோட்டத்து நாலங்குலம்

"மிஷின் நல்ல மிஷினுங்க ஐயா. நான்தான் கெட்டவனாம்."

உட்காரச் சொல்வதற்கு முன்பே வீரமுத்து இதைச் சொல்லிவிட்டான். மலேசியாவின் சிரம்பான் கடைத்தெருவில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது சின்னத்துரையின் அலுவலகம். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்து, தீ, திருட்டு என்று நட்டங்களை விசாரிப்பது அவர் தொழில். அவருக்குக் கார் ஓட்டிய சன்னாசிக்கோ சந்தேகப்படுவதுதான் தொழில். வந்தவனின் செருப்பில் செம்மண்ணைப் பார்த்ததுமே, இவன் எதையோ மறைக்கிறான் என்று சன்னாசி முடிவு கட்டிவிட்டான்.

"ஆறுதலாச் சொல்லும்," என்றார் சின்னத்துரை, தம் யாழ்ப்பாணத்துப் பேச்சில். "எந்த மிஷின்?"

"மட்டம் பார்க்கிற லேசர் மிஷினுங்க. லாபு பக்கம் எங்க தோட்டத்துல ஆளுங்களுக்குப் புது வீடு நாப்பது கட்டுறாங்க. மண்ணு வெட்டுற வேலைக்கு நான் மண்டோர், ஆளுங்கள வேலை வாங்குறவன். எந்த மிஷின் வாங்கலாம்னு மானேஜர் என்னையத்தான் கேட்டாரு. கடைக்காரங்க ரெண்டு காட்டுனாங்க. ஒண்ணு ஆபீஸ் சுவத்துல சிவப்பாக் கோடு போட்டுச்சு. எல்லாரும் வாயப் பொளந்துட்டு நின்னாங்க. ஆனா அது வீட்டுக்குள்ள சீலிங் அடிக்கிறவனுக்குத்தான் லாயக்கு. நமக்கு வெட்டவெளி, வெயில். அதனால இன்னொண்ணக் கேட்டேன். முக்காலில வெச்சா தானாவே மட்டம் பார்த்துக்கிட்டுத் தலை சுத்தும். யாராச்சும் இடிச்சுட்டா நின்னுடும். கோலுல மாட்டுன பொட்டி ‘கீ’ன்னு விடாமக் கத்துச்சுன்னா மட்டம் சரின்னு அர்த்தம்."

"அப்புறம் என்னய்யா பிரச்சினை?" என்று சன்னாசி பாய்ந்தான்.

"தண்ணி ஓட வெட்டுன கான் நாலங்குலம் ஆழமாப் போயிருச்சு. பெரிய கானுக்குத் தண்ணி ஏறல, குளம் கட்டி நிக்குது. நான் கடைக்காரன்கிட்ட கமிஷன் வாங்கிட்டு ஓட்டை மிஷின வாங்கிட்டேன்னு மானேஜர் சொல்றாரு. வர்ற சனிக்கிழமையோட வேலை முடிஞ்சுதுன்னுட்டாரு. வேலை போனா தோட்டம் குடுத்த லயத்து வீடும் போயிரும். என் பொண்டாட்டி ராக்கம்மா எட்டு மாசம் முழுகாம இருக்கா ஐயா. அவளக் கூட்டிட்டு நான் எங்க போவேன்?" சொல்லும்போதே அவன் குரல் உடைந்துவிட்டது.

அழுகிறவனை நம்பக் கூடாது என்பது சன்னாசியின் கொள்கை. ஆனாலும் அன்று அவனுக்கே நெஞ்சை என்னவோ செய்தது.

மறுநாள் காலை லாபுவுக்குப் போனார்கள். முன்பு தோட்டத்து லோரி கவிழ்ந்தபோது விசாரித்தவர் சின்னத்துரை என்பதால் மானேஜர் விசுவநாதன் தடுக்கவில்லை. "பாருங்க. ஆனா என் முடிவு மாறாது," என்று மட்டும் சொன்னார்.

முக்காலியின் மேல் மிஷின் தலை சுற்றிக்கொண்டிருந்தது. சன்னாசி குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான், கையை நீட்டியும் பார்த்தான். வெளிச்சம் என்று ஒன்றையும் காணோம். ஏமாற்றுவேலை என்று அவன் வாயைத் திறக்கவும், தூரத்தில் வீரமுத்து பிடித்திருந்த கோலில் பெட்டி கத்தவும் சரியாக இருந்தது.

சின்னத்துரை கானை இருபது அடியில் அளக்கச் சொன்னார். ஆழம் நாலங்குலம் கூடுதல். பிறகு முன்னூறு அடியில் அளக்கச் சொன்னார். அங்கேயும் அதே நாலங்குலம். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சர்வேக்காரர்கள் அடித்துவிட்டுப் போன மரமுளைகளைப் பார்க்கப் போனார். மற்ற முளைகளிலெல்லாம் தலையிலிருந்து ஒரு சாணுக்கு வெள்ளைப் பெயிண்ட் தெரிந்தது. வீரமுத்து தினமும் கோலை வைத்து அளவைத் தொடங்கும் முளையில் பாதிச் சாண்தான். பெயிண்ட் அடித்தவன் மிச்சம் பிடித்து விற்றிருப்பான் என்று சன்னாசி மனதுக்குள் ஒரு திருடனைப் பிடித்துவைத்தான்.

அடுத்து ஸ்டோர். சாவி ஆறுமுகத்திடம். பழைய மட்டக்கருவியில் கண் வைத்துப் பார்த்து வந்த ஆள். புது மிஷின் வந்த அன்றே ஸ்டோரில் உட்காரவைத்துவிட்டார்கள். கதவோரம் சாய்ந்திருந்த சம்மட்டியின் முகத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சுண்ணாம்பு என்று சன்னாசி நினைத்துக்கொண்டான்.

"மிஷினைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார் சின்னத்துரை.

"அது சரியில்ல லா ஐயா. திங்கக்கிழமை காலையில என் கண்ணாலயே பார்த்தேன். இந்த ஸ்டோர் சுவத்துல அந்தச் சிவப்புக் கோடு ஏறி ஏறி இறங்குச்சு. வீரமுத்துகிட்ட சொன்னா கேப்பானா?"

சின்னத்துரை கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "சன்னாசி, மானேஜரையும் வீரமுத்துவையும் கூட்டிக்கொண்டு வாரும்."

நால்வரும் ஸ்டோருக்குள் நின்றார்கள். சின்னத்துரை ஒரு சிமெண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்தபடி பேசினார்.

"மிஷின் சாய்ஞ்சிருந்தால் கிட்டத்தில கொஞ்சமும் தூரத்தில கூடவும் பிழை வரும். சாய்ந்த கூரை போகப் போக இறங்குமே, அப்பிடி. இங்க எங்க அளந்தாலும் நாலங்குலம்தான். அப்ப மிஷினில பிழை இல்லை. அது எதை நம்பித் தொடங்கிச்சுதோ, அதிலதான் பிழை. அந்த முளையை ஆரோ அடிச்சு இறக்கியிருக்கினம். முளை எவ்வளவு இறங்கிச்சுதோ, கான் முழுக்க அவ்வளவும் இறங்கிப் போச்சு."

"அப்போ அந்தப் பெயிண்ட்..." என்று இழுத்தான் சன்னாசி.

"மண்ணுக்குள்ள இருக்குது. தலையில இருந்த பெயிண்ட் இந்தச் சம்மட்டியில இருக்குது."

ஆறுமுகம் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மானேஜரைப் பார்த்துத்தான் கேட்டார். "இந்த மிஷின் சுவரில என்ன நிறத்தில கோடு போடும்?"

விசுவநாதன் யோசித்தார். "ஒண்ணும் போடாதே. அதோட கதிர் கண்ணுக்கே தெரியாது. பெட்டிக்குத்தான் தெரியும்."

"ஓம். சிவப்புக் கோடு போட்டது நீங்கள் வாங்காத மிஷின். ஆறுமுகம் அதைத்தான் ஆபீஸில கண்டவர். வாங்கினதுக்குக் கிட்டவே அவர் போகேல்லை. போகாதவர் ஏன் கண்டேன் எண்டு சொல்ல வேணும்? பழி மிஷின்மேல விழ வேணும் எண்டுதான்."

ஆறுமுகம் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.

"முன்ன நான் கண்ணு வெச்சுப் பார்ப்பேன், ஒருத்தன் கோலு பிடிப்பான். இந்தச் சனியன் வந்தா ஒரே ஆளு போதுமாம். நாளைக்கு என்னையும் அனுப்பிடுவாங்க. எனக்கும் அதே லயத்து வீடுதான சார்? மிஷின்தான் கெட்டதுன்னு திருப்பி அனுப்புவாங்கன்னு நெனச்சேன். இவன் தலை போகும்னு சத்தியமா நெனைக்கல."

வீரமுத்து மானேஜரைப் பார்த்து, "சார், இந்த மிஷினே வேணும்னு நான் எழுதிக் கொடுத்த லெட்டர் இருக்கா?" என்று கேட்டான்.

ஆபீஸிலிருந்து கோப்பை எடுத்துவரச் சொல்லி, விசுவநாதன் தாளைப் புரட்டினார். பின்பக்கத்தை அன்று அவர் படித்திருக்கவில்லை. முகம் சிவக்க, இப்போது வாய்விட்டுப் படித்தார். "பெட்டி பிடிக்க ஆறுமுகம் அண்ணனே வேண்டும். அவர் கண் தப்பாது. அவரை ஸ்டோரில் போட வேண்டாம்."

ஆறுமுகம் மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"மிஷின் வந்த நாள்லேர்ந்து நீங்கதான் என் மூஞ்சியவே பார்க்கலையே அண்ணே."

விசுவநாதன் தாளை மடித்தார். "வீரமுத்து, சனிக்கிழமைப் பேச்சை மறந்துரு. தப்பு என் மேல. ஆறுமுகம் விஷயத்த நான் யோசிக்கணும்."

"யோசிங்க சார்," என்றான் வீரமுத்து. "அதுக்குள்ள நாலங்குலம் மண்ணத் திருப்பிப் போடணும். கோலு பிடிக்க எனக்கு ஆளு வேணும்."

சன்னாசி காரை வெளி ரோட்டுக்குத் திருப்பினான். பின்னால், செம்மண் மேட்டில், பெட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"ஐயா," என்றான், "நான் மொத மொதல்ல சந்தேகப்பட்டது அந்தப் பையனத்தான்." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.