கார்பெட் காயும்வரை

படகு தண்ணீரைப் பார்த்து மாதக் கணக்காகிறது என்று சேவியர் சொன்னார். அப்படியானால் அதன் தரையில் ஒட்டியிருந்த கார்பெட் ஏன் இவ்வளவு ஈரம் என்று செல்வகுமாரிக்குப் புரியவில்லை. மேலோட்டமான ஈரம் என்றால் வழியில் சாரல் அடித்திருக்கும் என்று விட்டிருப்பாள். இது அப்படியில்லை. ட்ரெய்லரில் ஏறிப் படகுக்குள் இறங்கி, முட்டி போட்டு, உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். விரல்களுக்கு நடுவே தண்ணீர் குமிழியிட்டு மேலே வந்தது. கையை முகர்ந்தாள். உப்பு, சேறு, அழுகிய தழை எல்லாம் சேர்ந்த முகத்துவாரத்து வாடை. அது போதாதென்று தண்ணீர் வெதுவெதுப்பாக வேறு இருந்தது, இப்போதுதான் யாரோ அந்த இடத்தில் படுத்து எழுந்து போன மாதிரி.

"தார்ப்பாய் ஒழுவுதாண்ணே?"

"ஒழுவல. அது எப்பவும் அப்படித்தாம்மா." சேவியர் படகைப் பார்க்காமலே பேசினார். அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் ஒரு பணக்காரரின் தோட்ட வீட்டில் இந்த மோட்டார் படகை ஓட்டுகிறவர் அவர். "பழசப் பிச்சிப் போட்டுட்டு புதுசு ஒட்டிக் குடு. ஞாயித்துக்கெழம மொதலாளி வூட்டு ஆளுங்க சவாரி போவணும்ன்றாங்க."

கரிக்கலாம்பாக்கத்தில், வயலை மனையாகப் பிரித்துக் கல் நட்ட இடத்தை ஒட்டி இருக்கிறது செல்வகுமாரியின் தகர ஷெட். காருக்கும் வேனுக்கும் சீட் கவர் தைப்பது, தரைக்கு மேட் ஒட்டுவது அவள் தொழில். புருஷன் கலைவேந்தன் லாரியோடு போனால் வாரக் கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது. படகு வேலை இதுதான் முதல் தடவை. காருக்குப் போட்டவளுக்குப் படகு என்ன பெரிய கொம்பா என்று தெம்பாகத்தான் ஒத்துக்கொண்டாள்.

அதற்குள் மகள் ட்ரெய்லர் சக்கரத்தைப் பிடித்து ஏற ஆரம்பித்திருந்தாள். சேவியர் சட்டென்று குனிந்து அவளைத் தூக்கித் தள்ளி நிறுத்தினார்.

"ஒம்பேரு இன்னா கண்ணு?"

"பாப்பா."

செல்வகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. "அர்ச்சனான்னு ஸ்கூல்லதாண்ணே இருக்குது. வூட்ல, தெருவுல, கடையில எல்லாருக்கும் இவ பாப்பாதான்."

சேவியர் சிரிக்கவில்லை. "இந்தப் படகு இங்க நிக்கற வரைக்கும் பேரச் சொல்லிக் கூப்புடும்மா" என்றார். டீ போடுகிறேன் என்றதற்கும் நிற்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஆளும் மூஞ்சியும், என்று செல்வகுமாரி முணுமுணுத்தாள்.

பாப்பாவுக்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தங்குமா தங்காதா என்று வயிற்றைத் தடவித் தடவி, "இருந்துடுடி பாப்பா, அம்மாகிட்ட வந்துடுடி பாப்பா" என்று ராவும் பகலும் கெஞ்சிய வாய் அது. பிறந்து, பேர் வைத்து, ஸ்கூலிலும் சேர்த்தாகிவிட்டது. இருந்தும் அந்த வாய்க்கு அர்ச்சனா என்று வரவே இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால்கூட இவள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். கலைவேந்தன் கிண்டல் பண்ணுவான். பண்ணட்டும், பெற்றவளுக்குத் தெரியும்.

மறுநாள் பழைய கார்பெட்டைப் பிய்த்தாள். ஓரத்தில் கத்தியால் நெம்பி, குறடு வைத்துப் பிடித்து இழுக்க இழுக்க அது பலகையை விட்டு வர மனமில்லாமல் சர்ர்ரென்று நீளமாக ஒரு சத்தம் போட்டது. அடியில் காய்ந்த பசை கறுப்பாக, தேமல் தேமலாக ஒட்டியிருந்தது. படகின் நடுவில் தரையிலேயே ஒரு மூடி இருந்தது. திறந்தால் நீளமான ஒரு குழி. கயிறு, தண்ணீரில் சறுக்கும் பலகை எல்லாம் போட்டு வைக்கிற இடம் என்று சேவியர் சொல்லியிருந்தார். குழிக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை. காய்ந்து, வெடித்துக் கிடந்தது. அப்புறம் எங்கிருந்துதான் மேலே அத்தனை ஈரம் ஊறியது?

அதிகம் யோசிக்காமல் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். பசையைச் சுரண்டினாள். பெரிய ஃபேனைத் திருப்பி வைத்து ராத்திரி முழுக்க ஓடவிட்டாள். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ப்ளீச்சிங் நெடிக்கு அடியிலிருந்து அதே சேற்று வாடை வந்தது. பலகை வெளுத்து நன்றாகக் காய்ந்திருந்தது. அதன் மேல் சின்னச் சின்ன ஈரக் காலடிகள். மூடியிலிருந்து புறப்பட்டு படகின் மூக்குவரை போய், திரும்பி மூடிக்கே வந்திருந்தன.

"பாப்பா! யாரு உன்ன ஈரக்காலோட இதுல ஏறச் சொன்னது?"

ஷெட்டுக்குப் பின்னாலிருந்த வீட்டின் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த பாப்பா, "நான் ஏறலம்மா" என்றாள். செல்வகுமாரி அவளைத் தூக்கி வந்து ஒரு தடத்தின் மேல் பாதத்தை வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. இரண்டாவது விரல் கொஞ்சம் நீண்டிருப்பதுகூட. ஆனால் பாப்பாவின் பாதம் உலர்ந்து, வாசல் மண் ஒட்டி, சூடாக இருந்தது. ஷட்டர் சாவி இவள் இடுப்பில்தான் ராத்திரி முழுக்கக் கிடந்தது.

"பொய் சொல்லாதடி" என்றாள். பொய் இல்லை என்று அவளுக்கே தெரிந்ததால் குரல் உள்ளே போய்விட்டது.

அன்று சாயங்காலம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது படகுக்குள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பாப்பா குப்புறப் படுத்து, கன்னத்தை மூடியின் மேல் அழுத்தி, குசுகுசுவென்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நடுநடுவே நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டாள். தலையை ஆட்டினாள்.

"யாருகிட்டடி பேசற?"

"பாப்பாகிட்ட."

"எந்தப் பாப்பா?"

"அடியில இருக்கற பாப்பா. அவள யாருமே கூப்புடலியாம். நீ கூப்புடுவியாம்மா?"

செல்வகுமாரி தைத்த துணியை அப்படியே போட்டாள். ஏறிப் போய் மூடியைத் திறந்தாள். குழி காலி. காய்ந்த பலகை, ஒரு செத்த கரப்பான், அவ்வளவுதான். குழந்தைகள் சுவரிடம் பேசும், பொம்மையிடம் பேசும், இதில் என்ன இருக்கிறது என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். ஆனாலும் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தவள் அன்று தூங்கும்வரை கீழே இறக்கவில்லை. வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். பழசைப் பிய்த்துப் போட்டாயிற்றே, என்னவென்று சொல்லித் திருப்பிக் கொடுப்பது?

சீக்கிரம் ஒட்டித் தள்ளிவிட வேண்டியதுதான்.

சனிக்கிழமை மதியம் வேலையை ஆரம்பித்தாள். ஸ்கூல் லீவு. சீட்டுக்கு வைக்கிற பஞ்சு மெத்தைக் குவியலில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். ஐப்பசி வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ரப்பர் பசையைப் பலகையிலும் பூசி, கார்பெட்டின் முதுகிலும் பூசி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்துவிட்டு ஒட்ட வேண்டும். பதம் தப்பினால் அத்தனையும் பாழ். தரை முழுக்க ஒரே துண்டாக, மூடியின் மேலும் சேர்த்தே ஒட்டிவிட்டு, மறுநாள் நன்றாகக் காய்ந்த பிறகு மூடியின் ஓரத்தைத் தடவிப் பார்த்து வெட்டித் திறப்பதுதான் அவள் வழக்கம். அப்போதுதான் இடுக்குத் தெரியாமல் வரும். மூடியை எடுத்துச் சாய்த்து வைத்து அதன் மேலேயும் பசை பூசினாள். பசை நெடியில் தலை கிறுகிறுத்தது.

அந்த நேரம் பார்த்துச் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. வெளியே வெயிலுக்குப் போட்டிருந்த இரண்டு வேன் சீட்டுகள்! "அய்யய்யோ" என்று ஓடினாள். நனைந்து கனத்துப்போன சீட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து ஷெட்டுக்குள் போட்டு நிமிர்வதற்குள் கரண்ட் போனது. ஃபேன் மெல்ல மெல்ல நின்றது. தகரத்தின் மேல் மழை கொட்டுகிற இரைச்சலில் தன் மூச்சே தனக்குக் கேட்கவில்லை.

மெத்தைக் குவியலில் பாப்பா இல்லை.

படகைப் பார்த்தாள். சாய்த்து வைத்திருந்த மூடி அதன் இடத்தில் போய்ப் பொருந்தியிருந்தது. காற்றில் விழுந்திருக்கும் என்று நினைத்தாள். படகின் மூக்குப் பக்கம், இருட்டில், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு சின்ன உருவம் உட்கார்ந்திருந்தது.

"அடிப்பாவி, பசை பூசியிருக்குதுடி! அங்க இன்னா பண்ற? பாப்பா, வா. அம்மாகிட்ட வந்துடு பாப்பா."

உருவம் எழுந்தது. பசை மேலேயே நடந்து வந்தது. தயங்கவில்லை, வழுக்கவில்லை. படகின் விளிம்புக்கு வந்து இரண்டு கைகளையும் நீட்டியது. செல்வகுமாரி அள்ளிக்கொண்டாள். உடம்பு முழுக்க நனைந்து ஜில்லென்றிருந்தது. "மழையில ஆடினியா? காய்ச்சல் வந்தா யாருடி பாக்கறது?" என்று திட்டிக்கொண்டே முந்தானையால் தலையைத் துவட்டினாள். துவட்டத் துவட்ட ஈரம் வந்துகொண்டே இருந்தது. பிள்ளை முகத்தை அவள் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டது.

பசை பதத்துக்கு வந்துவிட்டது. இறக்கிவிடப் பார்த்தால் பிள்ளை விடவில்லை. முதுகுக்கு நகர்ந்து, கழுத்தைக் கட்டி, இடுப்பில் காலைப் பின்னிக்கொண்டது. தினமும் விளையாடுகிற உப்பு மூட்டைதான். "சரி, இருந்து தொல" என்று அப்படியே படகில் ஏறினாள். கார்பெட்டைப் பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரித்து ஒட்டிக்கொண்டே போனாள். மூடியையும் மூடிக்கொண்டு அது மூக்குவரை போனது. உருளையை எடுத்து, முட்டி போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி உருட்டினாள். முதுகில் பாரம் கூடிக்கொண்டே போனது. ரவிக்கை நனைந்து தண்ணீர் முதுகுத்தண்டு வழியாக இறங்கியது. இத்தனை சின்ன உடம்பில் இத்தனை தண்ணீரா?

மூடி இருந்த இடத்தின் மேல் உருளை போனபோது அடியில் எதுவோ தட்டியது.

காற்றுக் குமிழி. இன்னொரு முறை அழுத்தி உருட்டினாள்.

தட். தட்.

உருளையை நிறுத்தினாள். மழை ஒரு நொடி ஓய்ந்த மாதிரி இருந்தது. கார்பெட்டுக்கு அடியிலிருந்து, பலகைக்கு அடியிலிருந்து, பஞ்சை வாயில் அடைத்துக்கொண்டு பேசுவதுபோல் ஒரு குரல்.

"அம்மா."

செல்வகுமாரி அசையவில்லை. மெல்லக் கண்ணை மட்டும் தாழ்த்தித் தன் இடுப்பைச் சுற்றிப் பின்னியிருந்த பாதங்களைப் பார்த்தாள். பூசிய பசையின் மேல் நடந்து வந்த பாதங்கள். ஒரு துளி பசை இல்லை. வெளுத்து, ஊறி, தோல் சுருங்கி இருந்தன.

வராத பேரை வரவழைத்தாள்.

"அர்ச்சனா?"

"இன்னாம்மா" என்றது அடியிலிருந்து. அழுகை. "தெறம்மா. ஒளிஞ்சி வெளையாடலாம்னு அவதாம்மா சொன்னா. தண்ணி வருதும்மா."

கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் இறுகின.

கத்தி எங்கே? இடுப்பில். எடுத்தாள். புதுக் கார்பெட்டைத் தடவி இடுக்கைத் தேடினாள். தடவிய இடமெல்லாம் சொதசொதவென்று நனைந்திருந்தது. அடியிலிருந்து ஊறி ஊறி மேலே வந்தது. உப்பு வாடை. குத்தி இழுத்தாள். ஒரு பக்கம். இரண்டாவது பக்கம். கத்தி வழுக்கிக் கட்டை விரல் கிழிந்தது. வலிக்கவில்லை.

"அம்மா இருக்கண்டி! பயப்படாதடி! அர்ச்சனா! அர்ச்சனா!"

அடியில் தட்டுகிற சத்தம் குறைந்தது. இப்போது குரலுக்குப் பதில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம். மூன்றாவது பக்கம். நாலாவது. கத்தியை வீசினாள். மூடியின் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினாள். முதுகில் இருந்தது அவளைப் பின்னால் இழுத்தது. ஒரு மூட்டை நெல் கனம். மூச்சு முட்டியது. விடவில்லை. பெற்றவள். விடுவாளா?

மூடி ஒரு விரற்கடை மேலே எழும்பியது.

இடுக்கிலிருந்து தண்ணீர் பொங்கி வழிந்தது. அதோடு சேர்ந்து நாலு சின்ன விரல்கள் வெளியே வந்து பலகையின் விளிம்பைப் பற்றிக்கொண்டன. விரல் முழுக்க ரப்பர் பசை. சூடான விரல்கள். செல்வகுமாரி அவற்றைத் தொட்டுவிட்டாள்.

அவள் தோளுக்கு மேலாக, காதை உரசிக்கொண்டு, வெளுத்த கை ஒன்று நீண்டது. அவசரப்படவில்லை. மூடியின் மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்தது. அழுத்த ஆரம்பித்தது.